பந்து ஏன் ஓடவில்லை?

முழங்கால் வலி பற்றி விசாரித்த எல்லோருக்கும் நன்றி, இப்போது பரவாயில்லை. இன்றைக்கு எழுதப்போவது ஜாவா பற்றி. ஆமாம், கம்ப்யூட்டர் ஜாவாதான். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து 35 வருடம் வாய்ப்பாடும் ஒற்றெழுத்தும் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு 66 வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். பதிவு நீளம்தான். என் பதிவு என்றைக்குச் சின்னதாக இருந்தது?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது பி.சி.ஏ. இரண்டாம் வருடம். வீட்டில் இரண்டு தறி, ஓடுவது ஒன்றுதான். ஜாவா ப்ராக்டிகலில் அவளுக்கு அரியர் விழுந்துவிட்டது. அவள் அம்மா வந்து, "அக்கா, இவ இனிமே காலேஜுக்கே போக மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஓடாமல் கிடந்த தறி தூசி தட்டித் துடைக்கப்பட்டிருந்ததைக் கவனித்தேன்.

பெண்ணிடம் என்ன கேள்வி வந்தது என்று கேட்டேன். பட்டனை அழுத்தினால் ஒரு பந்து திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான். இவள் பட்டனுக்குள் ஒரு ஃபார் லூப் போட்டிருக்கிறாள். 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பந்தை 4 புள்ளி தள்ளு, திரையை மறுபடி வரை, 50 மில்லிசெகண்ட் தூங்கு. படித்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஓட்டினால் பட்டன் அழுத்தியது அழுத்தியபடி நின்றது, திரை உறைந்தது, 5 செகண்ட் கழித்துப் பந்து வலது ஓரத்தில் இருந்தது. நடுவில் ஓடவே இல்லை. தேர்வுக்கு வந்தவர், "லூப்பே தெரியலையே உனக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாராம்.

"லூப் எனக்குத் தெரியும் டீச்சர். பந்து ஏன் ஓடலைங்கறதுதான் தெரியல" என்றாள்.

என் 35 வருட சர்வீசில் ஒரு மாணவி இவ்வளவு சுத்தமாகத் தன் சந்தேகத்தைச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கு அப்புறமும் சொல்லவில்லை. அவளும் தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில்தான் ஜாவா படிக்க ஆரம்பித்தேன். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, தினமும் மாலை ஒன்றரை மணி நேரம். அவள் எனக்கு ஜாவா சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை என்றால் அவளுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். வாத்தியார் தொழிலில் இருக்கிற ஒரே ரகசியம் இது.

முதலில் அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஃபிபனாச்சி வரிசை, பகா எண், ஆம்ஸ்ட்ராங் எண், திருப்பிப் போட்டாலும் அதே எண் வருகிறதா என்று பார்ப்பது. இடது பக்கம் அவுட்புட், வலது பக்கம் ப்ரோகிராம், சிவப்பு மையில் கையெழுத்து. அவுட்புட்டையும் கையாலேயே எழுதியிருக்கிறாள். மெஷின் என்ன சொன்னது என்று பார்க்காமல், என்ன சொல்ல வேண்டுமோ அதை எழுதுவது! நம் காலத்தில் தவளையை அறுக்காமலே தவளைப் படம் வரைந்தோமே, அதேதான். அந்த நோட்டு முழுக்க லூப் இருக்கிறது. ஆனால் எந்த லூப்பும் கண்ணால் பார்க்க முடியாதது. கண் மூடித் திறப்பதற்குள் சுற்றி முடித்து, ஒரு எண்ணைக் கக்கிவிட்டுப் போய்விடும்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், தமிழ் வாத்தியார்கள் ரசிப்பீர்கள். இவள் பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ் வழியில் கணினி அறிவியல் படித்தவள். அந்தப் பாடப்புத்தகத்தில் லூப்புக்கு 'மடக்கு' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்டியலங்காரத்தில் சொல்லணியில் வருகிற மடக்கு! வந்த எழுத்துத் தொடரே மறுபடி வரும், ஒவ்வொரு முறையும் பொருள் வேறாக இருக்கும். லூப்பும் அதேதான். எழுதியது ஒரே வரி, ஆனால் முதல் சுற்றில் எண் 0, அடுத்த சுற்றில் 1, அப்புறம் 2. தண்டியலங்காரத்துக்கு மூலமான வடமொழி நூலைச் செய்த தண்டி நம் ஊர்ப் பல்லவர் சபையோடு சேர்த்துப் பேசப்படுபவர். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் கையில் ஒரு ஜரிகைச் சால்வை கொடுக்கலாம். ஆனால் தேர்வில் 'மடக்கு என்றால் என்ன' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதோடு அந்தச் சொல்லின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

சரி, பந்துக்கு வருவோம். நான்காம் நாள் மாலை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜாவாவில் ஜன்னல், பட்டன் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள ஒரே ஒரு வேலையாள் இருக்கிறானாம். அவனுக்குப் பெயர் 'த்ரெட்', தமிழில் இழை. யாராவது பட்டனை அழுத்தினால் கேட்பதும் அவன்தான், திரையில் படம் வரைவதும் அவன்தான். அழுத்துவது, தட்டுவது, சுட்டியை நகர்த்துவது, இதற்கெல்லாம் 'ஈவென்ட்', நிகழ்வு என்று பெயர். இதைச் சொல்லும்போதே நிறுத்தினாள். நானும் நிமிர்ந்தேன். எனக்கு என் அப்பாவின் தறி ஞாபகம் வந்தது.

உங்களில் பலருக்குத் தெரியாது, நானும் தறி வீட்டுப் பெண்தான். எட்டு வயதில் கோர்வைக்கு உட்கார்ந்திருக்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும், ஒரு ஆளால் முடியாது. அப்பா மிதிப்பார், உடல் நாடாவை விடுவார், அடித்துச் சேர்ப்பார், மறுபடி மிதிப்பார். அது லூப். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் தடவையோ. என் வேலை அந்தப் பக்கத்துக் கரை நாடா. நான் எண்ணிக்கொண்டு என் பாட்டுக்குத் தள்ளினால் இழை சிக்கிவிடும், முதுகில் ஒன்று விழும். அப்பாவின் நாடா என் பக்கம் வந்து சேர்ந்தால்தான் நான் என்னுடையதை விட வேண்டும். அதுவரை கவனித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதாவது எனக்கு ஈவென்ட் வேலை. ஜாவாவில் அதற்கு 'லிசனர்' என்று பெயராம், காது கொடுத்துக் கேட்பவர்.

இவளுடைய ப்ரோகிராமில் கேட்கிற ஆளையே பிடித்து லூப்பில் உட்கார வைத்துவிட்டாள். அவன் 100 சுற்றும் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டான். நடுவில் "திரையை வரை" என்று 100 தடவை சீட்டு வருகிறது. சீட்டைப் படிக்கிறவனும் அவன்தான், அவன்தான் பந்து தள்ளிக்கொண்டிருக்கிறானே! எழுந்து பார்த்தபோது எல்லாச் சீட்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு தடவை வரைந்தான். அதற்குள் பந்து வலது ஓரத்துக்குப் போய்விட்டது. "தூங்கு" என்று அவள் எழுதிய 50 மில்லிசெகண்டும் அவனைத்தான் தூங்க வைத்தது.

லூப் தெரியாததால் வந்த தப்பு இல்லை இது. லூப் மட்டுமே சொல்லிக்கொடுத்ததால் வந்த தப்பு.

திருத்துவது எப்படி? பந்தை 100 தடவை தள்ளு என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஒரு டைமரை வைத்து 50 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை மணி அடிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணியும் ஒரு ஈவென்ட். மணி கேட்டதும் வேலையாள் பந்தை ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டு, வரையச் சொல்லிச் சீட்டு போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவான். அடுத்த மணிக்குள் படம் வரைய நேரம் இருக்கிறது, வேறு யாராவது பட்டனை அழுத்தினால் கேட்கவும் நேரம் இருக்கிறது. செகண்டுக்கு 20 படம். சினிமாவுக்கு 24. கண் ஏமாறுவதற்கு இது போதும்.

அவள் எழுதினாள். ஓட்டினாள். பந்து 4 புள்ளி நகர்ந்து நின்றுவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, பந்து அசையவில்லை. அன்றைக்கு ராத்திரி எட்டரை வரை இருவரும் முழித்தோம். மறுநாள் அவளே கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். பந்து எங்கே இருக்கிறது என்கிற எண்ணை, மணி அடித்ததும் செய்ய வேண்டிய வேலைக்குள்ளேயே '0' என்று எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் பந்து ஆரம்பத்துக்குப் போய் 4 புள்ளி நகர்கிறது. "டீச்சர், அப்பா மத்தியானம் சாப்பிட எழுந்து போனா ஜக்கார்டு பெட்டி எந்த அட்டையில நிக்குதோ அங்கேயேதானே நிக்கும்? நான் ஒவ்வொரு தடவையும் முதல் அட்டைக்குத் திருப்பி விட்டுட்டேன்." அந்த எண்ணை வெளியே எடுத்து வைத்தாள். பந்து ஓடியது. இவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். லூப், ஈவென்ட், அனிமேஷன் மூன்றையும் மூன்று யூனிட்டாகப் பிரித்து, கடைசி யூனிட்டுக்கு நேரம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அசைகிற ஒன்றை முதல் வாரமே பிள்ளைகள் கண்ணில் காட்டிவிட வேண்டும், அதற்குள்ளேயே மற்ற இரண்டும் இருக்கிறது என்பது என் கட்சி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிம் புரூஸ், ஆண்ட்ரியா டேன்யலக், தாமஸ் மர்டாக் என்று மூன்று பேர் இப்படி ஒரு ஜாவா பாடப்புத்தகமே எழுதியிருக்கிறார்கள். சுட்டியை அழுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான் பாடமே தொடங்குகிறது. லூப் அப்புறம்தான்.

ஜாவாவுக்குப் பெயர் வந்ததே அசைந்ததால்தான். ஜேம்ஸ் காஸ்லிங்கின் குழு உருவாக்கி, 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டபோது, இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அச்சடித்த தாள் மாதிரி சும்மா நின்றுகொண்டிருந்தன. அதற்குள்ளே படத்தை ஓடவிட்டதும், அழுத்தினால் பதில் சொன்னதும் ஜாவாவின் 'ஆப்லெட்'. டியூக் என்று சிவப்பு மூக்கு வைத்த ஒரு பொம்மை, ஜாவாவின் சின்னம், அது கையாட்டும். கையாட்டிக்கொண்டே உலகத்துக்கு வந்த ஒரு மொழியை நாம் ஆம்ஸ்ட்ராங் எண்ணில் உட்கார வைத்திருக்கிறோம்.

என் தம்பி மகன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறான். அவனிடம் இதைச் சொன்னேன். "அத்தை, நீங்க ஒரு பொண்ணுக்குச் சொல்லித்தறீங்க. எனக்கு 60 பேர். லேப்ல ஓடற சிஸ்டம் 30. ஒரு வட்டம் ஓட வைக்கணும்னா ஜாவாவுல முதல்ல இருபது வரி எழுதணும், ஜன்னல் திறக்க, பேனல் ஒட்ட. அது ஒண்ணும் புரியாம எழுத வைச்சா அதுவும் மனப்பாடம்தானே?" என்றான். நியாயமான பேச்சு. ராத்திரி யோசித்தேன். என் அப்பா என்னைக் கோர்வைக்கு உட்கார வைத்தபோது பாவு பிணைக்கவா சொல்லிக்கொடுத்தார்? அதைத் தெரிந்தவர்கள் பிணைத்து, தறி தயாராக இருந்தது. நான் நாடாவைத்தான் பிடித்தேன். பாவு பிணைக்கிற வித்தை எப்போது புரிய வேண்டுமோ அப்போது புரிந்தது. அந்த இருபது வரியை வாத்தியார் எழுதி வைத்துக் கொடுக்கட்டும். மூன்று பேர் எழுதின புத்தகம் என்றேனே, அவர்களும் அப்படித்தான் தயார் செய்த துண்டுகளைக் கூடவே கொடுத்தார்கள். தம்பி மகன், "60 பேரும் 30 சிஸ்டமும் அப்படியேதானே இருக்கு அத்தை" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பந்து ஓடிய அன்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "மூணாங் கிளாஸ்ல ஏழாம் வாய்ப்பாடு தப்பா சொன்னதுக்கு, 'படிக்கலைன்னா அப்பன் மாதிரி தறிக்குத்தான் போவே'ன்னு சொன்னீங்க டீச்சர். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எத்தனை பேரிடம் சொன்னேனோ. இதைப் படிக்கிற உங்களில் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன், மன்னித்துவிடுங்கள். ஒரு காரணம் இருந்தது, சாக்கு இல்லை. அப்போது நம் ஊர்த் தறிகளில் முன்பணத்துக்கு அடமானமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் காஞ்சிபுரமும் வருகிறது. வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தறிக்குப் போவதைப் பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் பிடித்து வைக்க வேண்டும் என்ற வெறியில் தறியையே கேவலமாகப் பேசிவிட்டேன். அதுவும் தறியில் உட்கார்ந்திருந்த நானே. பிள்ளை தறியில் உட்காரக் கூடாது என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தறியில் உட்கார்ந்த அப்பனுக்கு என்ன தெரியும் என்று கேட்கும் பழக்கத்தை நான்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

ஜக்கார்டு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஜோசப் மேரி ஜக்கார்டு, பிரான்சில் லியோன், அதுவும் பட்டு நெசவு ஊர்தான். 1804-ல் அவர் செய்த கருவியில், ஓட்டை போட்ட அட்டை ஒவ்வொன்றும் டிசைனின் ஒரு வரிசை. ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. அட்டைகளைக் கோத்து, முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் சேர்த்துக் கட்டிவிட்டால் டிசைன் திரும்பத் திரும்ப வரும். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய லூப்! நெசவாளி மிதித்தால்தான் அடுத்த அட்டை வரும். அது ஈவென்ட். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்தார். சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றையும் வைத்திருந்தார். அந்த இயந்திரம் ஒரே வேலையை எப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் என்று ஏடா லவ்லேஸ் 1843-லேயே எழுதிவிட்டார். இத்தனையும் படித்துவிட்டு, நம் தெருவில் அதே அட்டைகள் தலைக்கு மேல் தடதடவென்று திரும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது. கம்ப்யூட்டர் லேபில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

போன வாரம் அந்தப் பெண் தாழம்பூ ரேக்குக் கரை ஒன்றைத் திரையில் ஓடவிட்டாள். 24 வரிசை டிசைன். டைமர் மணிக்கு ஒரு வரிசை கீழிருந்து மேலே நெய்துகொண்டே போகும், சுட்டியை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பார்க்க வாருங்கள் என்று அவள் அப்பாவை நான்தான் கூப்பிட்டேன். வந்தார், உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ஒரு அட்டை ரெண்டு தரம் விழுதே" என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. டிசைன் முடிந்து திரும்ப ஆரம்பிக்கிற இடத்தைக் கையால் காட்டினார். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. பெண் ப்ரோகிராமைத் திறந்து பார்த்தாள். 24 வரிசையை 0-லிருந்து எண்ணினால் 23-ல் முடிய வேண்டும், இவள் 24 வரை போகவிட்டிருந்தாள். 24-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி 0, அதனால் முதல் வரிசையே இன்னொரு தடவை வந்துவிட்டது, அதற்கப்புறம் புதுச் சுற்றில் மறுபடியும். கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது என்று தம்பி மகன் சொன்னான். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு நெசவாளி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அவள் ஒரு குறியை மாற்றினாள், கரை சரியாக ஓடியது. அப்பா, "முந்திக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டார். அது வேறு டிசைன், வேறு அட்டை, உடல் முடிந்த இடத்தில் மாறணும் என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய்க் காபி போட்டேன். அரியர் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. தேர்வு இனிமேல்தான்.

ஒரு வேண்டுகோள். இதே தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகள் இதே மாதிரி அரியரோடு இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஜாவா இந்தப் பந்தோடு முடிந்துவிட்டது. உங்களில் யாராவது சென்னையிலிருந்து ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், காலை 10 மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பழைய லேப்டாப் ஓடுகிற நிலையில் இருந்தாலும் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். காபி கண்டிப்பாக உண்டு. காஞ்சிபுரம் இட்லி வேண்டும் என்கிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே சொல்லிவிடுங்கள், மாவு புளிக்க வேண்டும்.